தவிடு கொடுத்து வாங்கிய பிள்ளை

பிள்ளைப்பாக்கம்
25-5-1986

அன்பும் மரியாதையும் உள்ள ராஜாமணி அண்ணிக்கு, கனகம் கும்பிட்டு எழுதியது. இங்கே நானும் உங்கள் தம்பியும் சுகம். அங்கே நீங்களும் தாண்டவராயன் அண்ணனும் எங்கள் குப்புவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

நீங்கள் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்ததாகத் தந்தி வந்தது. 'குழந்தை நலம்' என்ற இரண்டு வார்த்தையை ஒருத்தி எத்தனை தடவைதான் படிப்பாள்? இன்னும் நாலு வார்த்தை சேர்த்து அடித்திருக்கக் கூடாதா? கோபித்துக்கொள்ளாதீர்கள். எட்டு மாதப் பிள்ளையைப் பிரிந்திருப்பவள் அப்படித்தான் பிதற்றுவாள்.

முனியம்மாள் நேற்றுக் குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். 'இன்னாடி கனகம், பால்குடி மறக்காத புள்ளைய கடல் தாண்டி அனுப்பிட்டு உனுக்கு எப்பிடிடி சோறு எறங்குது?' என்று நாலு பேர் எதிரில் கேட்டாள். நான் விடுவேனா? 'யக்கா, எனக்குப் பொறந்த ரெண்டையும் எட்டாம் மாசத்துல எமன் வாரிக்கினு போனானே, அப்ப நீயா வந்து தடுத்த? மூணாவதையாவது காப்பாத்தணும்னுதான் எங்க நாத்தனார் தவிடு குடுத்து இத வாங்கிக்கினாங்கோ. எட்டாம் மாசம் பூரா வாங்கினவ வூட்லதான் இருக்கணும், பெத்தவ கண்ணுல படக் கூடாதுன்னு பூசாரி சொல்லிக்கீறாரு. அவங்க வூடு சிங்கப்பூர்ல கீது, நான் இன்னா பண்றது?' என்று கேட்டேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவளிடம் வாய் அடித்தேனே தவிர, எனக்கும் மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. பிறந்த பதினோராம் நாள் நீங்கள் வாசலில் ஒரு முறம் தவிட்டைக் கொட்டிவிட்டுப் பிள்ளையை வாங்கினீர்களே, சும்மா கொடுக்கிற மாதிரி கொடு என்று எல்லோரும் சொல்லியும் நான் பிள்ளையை விடாமல் பிடித்துக்கொண்டேன். நீங்கள்தான் 'அட பைத்தியமே, நான் இன்னா உம்புள்ளைய தூக்கிக்கினு ஓடிடவா போறேன்' என்று சிரித்தீர்கள்.

மார்பில் பால் கட்டிக்கொண்டு காய்ச்சலே வந்துவிட்டது. பேறு பார்த்த கிளியம்மாள் வந்து, மல்லிகைப்பூ வைத்துக் கட்டினால் வற்றிவிடும் என்றாள். நான் கட்டவில்லை. ஆனி மாதம் பிள்ளை வந்து பாலுக்கு அழுதால் எதைக் கொடுப்பேன்? வேளாவேளைக்குப் பீய்ச்சி, கால் படாத இடமாகப் பார்த்துச் செம்பருத்திச் செடியடியில் ஊற்றுகிறேன். செடி நன்றாகத்தான் இருக்கிறது.

பள்ளிக்கூட லீவில் உங்கள் கொழுந்தனார் வீட்டுப் பிள்ளைகளோடு மலேசியா போய், மலைமேல் ராட்டினமும் குட்டி ரயிலும் படகுமாகக் கட்டி வைத்திருக்கிற பூங்காவில் நாலு நாள் தங்குவோம் என்றீர்கள். குப்பு கொடுத்து வைத்தவள். நான் பார்த்ததெல்லாம் ஸ்ரீபெரும்புதூர் தேர்த் திருவிழாவில் ஆள் நின்று கையால் சுற்றுகிற நாலு பெட்டி ராட்டினம். அதிலேயே வாந்தி எடுத்து உங்கள் தம்பி வேட்டியைப் பாழாக்கினேன். அதனால் சொல்கிறேன், பெரிய ராட்டினத்தில் அவளை ஏற்றிவிடாதீர்கள். மரக்குதிரை போதும், அதுவும் உங்கள் மடியில் வைத்துக்கொண்டு. பெரிய சத்தம் கேட்டால் அவளுக்குத் தூக்கிவாரிப்போடும், காதில் பஞ்சு வையுங்கள். காலை பத்து மணிக்கு எங்கே இருந்தாலும் தூங்க வைத்துவிடுங்கள். அந்தத் தூக்கம் கெட்டால் அன்று முழுக்க உங்களுக்கும் தூக்கம் இல்லை. பொம்மை வேஷம் போட்டவர்கள் பிள்ளைகளைத் தூக்க வருவார்களாமே, கிட்டே விடாதீர்கள். மலைக் குளிருக்குத் தலையில் துணி கட்டுங்கள். கன்னத்தில் மை இல்லாமல் வெளியே தூக்காதீர்கள். அழுதால் இடது தோளில் போட்டுத் தட்டுங்கள். வலது தோள் அவளுக்கு ஆகாது.

உங்கள் தம்பி ஏரிப் பக்கத்துக் கம்பெனியில் ஓ.டி. பார்த்துவிட்டு வந்தால் படுத்துவிடுகிறார். தொட்டில் சேலையைக் கழற்றட்டுமா என்று கேட்டார். இருபது நாளில் திரும்பக் கட்டத்தானே போகிறோம், இருக்கட்டும் என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

என் தம்பி பலராமன் குப்புவுக்குக் கம்மல் செய்யக் கொடுத்துவிட்டான். ஆவணியில் காதுகுத்து. தாய்மாமன் மடி என் மடி என்று பென்னலூர் முழுக்க மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிறான்.

குப்புவுக்கு என் முத்தம். நான் கொடுத்ததாகச் சொல்ல வேண்டாம், பெற்றவள் பேச்சே எட்டாம் மாதத்தில் ஆகாது. நீங்கள் கொடுப்பதுபோல் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு உங்கள் பிரியமுள்ள
கனகம்


பிள்ளைப்பாக்கம்
6-7-1986

அன்புள்ள அண்ணிக்கு, கனகம் எழுதிக்கொண்டது. அனைவரும் நலமென்று நம்புகிறேன்.

ஆறு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் என்னைக் கண்டாலே சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். நேற்றுதான் உறை வந்தது. உள்ளே கடிதம் அரைப் பக்கம், போட்டோ ஒன்று.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். எட்டாம் மாதம் கழிந்துவிட்டது அண்ணி! என் பிள்ளை உயிரோடு இருக்கிறாள்! போட்டோவைப் பார்த்ததும் தெருவில் நின்று கத்திவிட்டேன். அம்மனுக்குப் பொங்கல் வைத்தேன். அந்த உபகாரத்தை ஏழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்.

மரக்குதிரை மேல் உங்கள் மடியில் உட்கார்ந்திருக்கிறாள். கன்னம் உப்பியிருக்கிறது. பின்னால் பனி மூட்டத்தில் பெரிய ராட்டினம் தெரிகிறது. அவளுக்கு இரண்டு பல் வந்துவிட்டதை நீங்கள் எழுதவே இல்லையே, சிரித்த வாயில் நானேதான் பார்த்தேன்.

கன்னத்தில் மை இல்லை. சரி, வெளிநாட்டில் யார் கண் வைக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டிருப்பீர்கள். ஆனால் காதில் கம்மல் இருக்கிறதே அண்ணி. யார் மடியில் உட்காரவைத்துக் குத்தினீர்கள்? பலராமனிடம் போட்டோவைக் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. எவனோ திருவிழாக் கடையில் குத்துகிற மாதிரி அந்தப் பூங்காவில் குத்திவிட்டானா? அழுதாளா? அவள் அழுதபோது யார் தூக்கினார்கள்? உங்களிடம் இதைக் கேட்கக் கூடாதுதான். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

போட்டோவின் பின்பக்கம் 'அத்தைக்கு ஷர்மிளாவின் அன்பு முத்தங்கள்' என்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. உறையை மாற்றிப் போட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஷர்மிளா என்பது உங்கள் கொழுந்தனார் வீட்டுப் பெண்ணா? இது அவள் அத்தைக்குப் போக வேண்டிய படமோ என்னவோ. இந்த வீட்டில் அத்தை யாரும் இல்லை. குப்புவுக்கு அத்தை நீங்கள்தானே. எதற்கும் இந்தப் படத்தைத் திருப்பி அனுப்ப மாட்டேன், அவர்களுக்கு வேறு ஒன்று போட்டு அனுப்பிவிடுங்கள்.

டிக்கெட் கிடைக்கவில்லை, தீபாவளி கழித்துப் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். பூசாரி ஒரு மாதம்தான் சொன்னார். இப்போது நடப்பது இரண்டாவது மாதம். நீங்கள் வர முடியாவிட்டால் நானே வருகிறேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடச் சொல்லி உங்கள் தம்பியிடம் கேட்டேன். 'வுடு கனகம், அக்கா வரும்' என்றார். எப்போது என்று கேட்டதற்குச் சட்டையை மாட்டிக்கொண்டு சுங்குவார்சத்திரம் போகிற பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். அன்றைக்கு அவருக்கு ஷிப்டே கிடையாது.

பால் வற்றிக்கொண்டு வருகிறது. வந்தால் சீக்கிரம் வாருங்கள்.

இப்படிக்கு
கனகம்


பென்னலூர்
24-8-1986

ராஜாமணி அம்மாளுக்குக் கனகம் எழுதுவது.

அண்ணி என்று எழுதப் பேனா வரவில்லை. மேலே ஊரின் பெயர் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பதினைந்து நாளாகப் பலராமன் வீட்டில் இருக்கிறேன். உங்கள் தம்பி அங்கே தானே பொங்கித் தின்கிறார்.

யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்த பிறகு, நானே பாஸ்போர்ட் எடுப்பது என்று கிளம்பினேன். எதற்கும் பிள்ளையின் பிறப்புச் சான்று கையில் இருக்கட்டும் என்று பிறப்பு இறப்புப் பதிகிற ஆபீஸுக்கு எழுதிக் கேட்கப் போனேன். குமாஸ்தா பெரிய புத்தகத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, 'எல்லப்பன் கனகம்னு ஒண்ணும் இல்லியேம்மா' என்றார். அந்தத் தேதியைப் பாருங்கள் என்றேன். பார்த்தார். எட்டாவது வரைக்கும் படித்தவள் நான், புத்தகத்தைத் திருப்பி என் கண்ணாலேயே படித்தேன். பெண் குழந்தை. அப்பா தாண்டவராயன். அம்மா ராஜாமணி. தகவல் கொடுத்தவர், தாயின் தம்பி, எல்லப்பன்.

கல்யாணமான ஏழு வருஷத்தில் அவர் பெயரை நான் வாயால் சொன்னதும் இல்லை, கையால் எழுதியதும் இல்லை. இப்போது எழுதுகிறேன். எல்லப்பன் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.  'அக்காதான் சொல்லிச்சு. தவிடு குடுத்தா மட்டும் பத்தாது, ரிஜிஸ்டர்லயும் அது பேரு இருந்தாத்தான் எமன் முழுசா ஏமாறுவான்னு சொல்லிச்சு' என்றார். ஏனம்மா, எமன் ஆபீஸில் போய்ப் புத்தகம் புரட்டிவிட்டா உயிரெடுக்க வருவான்? பத்து வருஷமாக மெஷின் ஓட்டுகிற மனுஷன், இதை நம்பினாராம். சரி, அன்றைக்கு நம்பினார். சித்திரையில் பிள்ளையின் பெயரை உங்கள் பாஸ்போர்ட்டில் ஏற்றினீர்களே, அப்போது அதே சான்றைத்தானே கொண்டுபோனீர்கள்? தவிட்டுக்கு வாங்கியவள் என்று பாஸ்போர்ட் ஆபீஸில் ஒத்துக்கொண்டார்கள் என்று என்னிடம் சொன்னீர்கள். நானும் தலையை ஆட்டினேன். அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தெரியும்.

திரும்பத் திரும்பக் கேட்டதில் கடைசியில் கத்திவிட்டார். 'உங்கையில ரெண்டு போச்சு! இது அங்கயாவது உசுரோட கீது இல்ல!' அவர் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அப்போதே ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். இரண்டு பிள்ளைகளை நான் என்ன, வேண்டுமென்றா கொன்றேன்? காய்ச்சல் வந்தது, போய்விட்டன. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய என் காலைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

வழியெல்லாம் அந்தப் போட்டோவையே நினைத்துக்கொண்டு நடந்தேன். நீங்கள் உறையை மாற்றிப் போடவில்லை. ஷர்மிளா யார் என்றும் தெரிந்துவிட்டது, அத்தை யார் என்றும் தெரிந்துவிட்டது. பெற்ற அப்பனைத் தாய்மாமனாக்கிவிட்டீர்கள். மாமன் பெண்டாட்டி அத்தைதானே. என் பிள்ளைக்கு நான் அத்தை! முத்தம் கொடுத்து அனுப்பினீர்களே, எழுதும்போது உங்கள் கை கூசவில்லையா? அந்த மலைமேல் ஊர்ப் பிள்ளைகள் நடுவில் குதிரையில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் இருந்தவர்களில் எத்தனை பேரிடம் இவள் என் பெண் என்று சொன்னீர்கள்? லீவுக்குக் கூட்டிப்போகிறேன் என்றீர்கள். பஞ்சு வையுங்கள், துணி கட்டுங்கள் என்று நான் பக்கம் பக்கமாக எழுதினேன். படித்துவிட்டுச் சிரித்தீர்களா, அழுதீர்களா?

உங்களுக்குப் பதினாறு வருஷமாகப் பிள்ளை இல்லை. அந்த வலி எனக்குத் தெரியாது என்று சொல்லாதீர்கள். மடி காலியாவது எப்படி என்று இரண்டு தடவை படித்தவள் நான். நீங்கள் என்னிடம் வந்து, கனகம், எனக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் உங்களைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். என் பயத்தையே பிடித்துக்கொண்டு நீங்கள் இப்படிச் செய்திருக்க வேண்டாம்.

பலராமன் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தான். காகிதம் உங்கள் பக்கம் பேசுகிறது, வருஷக்கணக்கில் இழுக்கும் என்றாராம். கனகம் பெற்ற பிள்ளைக்குத் தொப்புள் கொடி அறுத்தது நான்தான் என்று எந்தக் கோர்ட்டிலும் சொல்வதாகக் கிளியம்மாள் சொல்லியிருக்கிறாள். வழக்குப் போடத்தான் போகிறோம். மறைவாகச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை, அதனால் முன்கூட்டியே எழுதிவிடுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போனேன். உங்களுக்கு மண்ணை வாரித் தூற்றத்தான் போனேன். தலைமயிரை அவிழ்த்து விட்டுக்கொண்டு, இரண்டு கையிலும் மண்ணை அள்ளிவிட்டேன். என் வயிறு எரிகிற மாதிரி அவள் வீடு எரிய வேண்டும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

அந்த வீட்டில்தானே குப்பு தூங்குகிறாள்.

உங்கள் கை விளங்காமல் போகட்டும் என்று சொல்லலாமென்றால், அவளுக்குச் சோறு ஊட்டுகிற கை அது. கண் அவிந்து போகட்டும் என்றால், அவள் ரோட்டில் இறங்கினால் யார் பார்ப்பார்கள்? அண்ணனுக்கு வேலை போகட்டும் என்றால் அவளுக்குப் பால் எங்கிருந்து வரும்? யோசித்து யோசித்துப் பார்த்தேன். அவள் மேல் விழாத சாபம் ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை. சாபம் கொடுக்கிற வாயைக்கூட எனக்கு விட்டு வைக்காமல் போய்விட்டீர்கள்.

மண்ணைக் கீழே போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, உங்கள் பெயருக்கும் அண்ணன் பெயருக்கும் விளக்கேற்றி வைத்துவிட்டு வந்தேன். பலராமன் என்னைப் பைத்தியம் பிடித்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

அதனால் நீங்கள் நன்றாக இருங்கள். உங்களுக்கு ஒரு தலைவலிகூட வரக் கூடாது. அண்ணனுக்குச் சம்பளம் உயரட்டும். உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். என் பிள்ளையை என் கையில் கொண்டுவந்து கொடுக்கிற நாள் வரைக்கும், தாயே, உங்களுக்கு ஒரு குறையும் வரக் கூடாது. அவளைக் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
குப்புவைப் பெற்ற கனகம்