அரட்டை கண்டுபிடித்த விடை

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே மூன்று பேரும் உடம்பளவில் சௌக்கியம், நீயும் அந்த அளவுக்காவது சௌக்கியமாக இரு. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடி மட்டும் ஏறுவதில்லை. உன் மகள் அரை அங்குலம் வளர்ந்திருக்கிறாள், கதவு நிலையில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அரட்டை என்று நீ வைத்த பட்டப்பெயர்தான் இப்போது அவளுக்குப் பொருந்தவில்லை.

வியாழக்கிழமை பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள், உனக்குப் பதில் நான் போனேன். வகுப்பாசிரியர் சின்ன வயது, நல்ல மனிதர், பிள்ளைகளோடு தரையில்தான் உட்காருகிறார், குரலை உயர்த்தியதே இல்லையாம். ஆசிரியர்களுக்காக நீ எழுதிய கையேட்டுக்கு அட்டை போட்டு வைத்திருக்கிறார். நான் உன் அப்பா என்று தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார். ஆசிரியர் பதில் சொல்லக் கூடாது, கேள்வியைக் குழந்தையிடமே திருப்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறாயே, அதை அப்படியே செய்து, நடப்பதைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறார். மழை எங்கிருந்து வருகிறது என்று கேட்ட ஒருத்தி, ஜன்னலோரம் தண்ணீர்க் கிண்ணம் வைத்து மூன்று வாரத்தில் தானே தெரிந்துகொண்டாளாம். அது அருமைதான், மறுக்கவில்லை. அடுத்த பக்கம் உன் மகளுடையது. "சார், எங்கம்மா திரும்பி வருவாங்களா?" என்று கேட்டிருக்கிறாள். "நீ என்னம்மா நினைக்கிறே?" என்றிருக்கிறார். நீ வீடு திரும்பும் பயணத்தை இரண்டாம் முறை தள்ளிப்போட்ட வாரம் அது. ஐந்து நாள் அதே கேள்வி, அதே பதில். ஆறாம் நாள் அவளே, "வர மாட்டாங்க சார்" என்றாளாம். பக்கத்தில் பச்சை மையில் எழுதியிருக்கிறார்: விடையைத் தானே கண்டடைந்தாள். அதன்பின் அவள் பெயரில் ஒரு கேள்வியும் இல்லை. வருவாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். கையேட்டைப் புரட்டிவிட்டு, அதற்கு இதில் இடமில்லையே சார் என்றார். அவர்மேல் கோபப்பட மனசு வரவில்லை. எழுதியது நீ. ஊர் ஊராகப் போய் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறாய், உன் பிள்ளையிடமே நன்றாகப் பலித்திருக்கிறது.

அன்று சாயங்காலம் அவளுடைய ஷூ கயிற்றை அவிழ்த்துவிட்டபடி, அம்மா கட்டாயம் வருவாள் என்று நானாகவே சொன்னேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது நீங்க நினைக்கிறது, தாத்தா" என்றாள்.

நீ நீண்ட ஆயுளோடு இருக்க அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். வேளைக்குச் சாப்பிடு. வரும் தேதியை எனக்கு எழுதாதே, அவளுக்கு எழுது. தேதி இல்லையென்றால் அதையும் நீயே எழுது, நான் அவளுக்குப் படித்துக் காட்ட மாட்டேன். அவளே படித்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
உன் அப்பா