அகல் மொழிக்கு ஒரே ஆள்

சின்னக்கருப்பு துணை

ஆனையூர், மதுரை
9.11.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி செல்வி எழுதுவது. போனில் பேசினால் சாப்பிட்டாச்சா, அங்கே மழையா என்று கேட்டுவிட்டு மூன்றாவது நிமிடம் இரண்டு பேரும் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அதனால் தாளை எடுத்தேன். பூனாவில் தபால்காரர் மூன்று மாடி ஏறி வருவாரா தெரியவில்லை. வந்தால் அவருக்குத் தண்ணீர் கொடுங்கள்.

கந்த சஷ்டி ஆறு நாளும் பாலும் பழமுமாக இருந்தேன். சூரசம்காரத்தன்று திருப்பரங்குன்றத்தில் சரியான கூட்டம், நாலு பேரிடம் மிதி வாங்கினேன். உங்கள் பெயருக்கும் அர்ச்சனை செய்தேன். குருக்கள் நட்சத்திரம் கேட்டார், சொன்னேன். “வீட்டுக்காரர் வரலையாம்மா?” என்றார். விபூதியை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

இப்போது விஷயம். அகலுக்கு நீங்கள் வைத்திருக்கும் இணையதளத்தின் பதிவு பிப்ரவரி இருபதோடு முடிகிறதாம். புதுப்பிக்கிறீர்களா என்று நம் மின்னஞ்சலுக்கு வந்திருக்கிறது. ஆறு வருடம் மாடியறையில் உட்கார்ந்து நீங்கள் உருவாக்கிய கணினி மொழி. பத்தாவதோடு நின்ற நான் புரோகிராம் எழுதப் படித்ததே அதில்தான். நம் குலசாமி கோயிலுக்குப் பதினான்கு வீட்டுப் பங்காளிகளில் எந்த வெள்ளிக்கிழமை யார் வீட்டு விளக்கு, சிவராத்திரிக்கு யார் சாமிப் பெட்டி தூக்குவது என்று வருடம் முழுக்க முறை போட்டதும் அதில்தான். அதை வைத்துக்கொள்ளப் போகிறீர்களா, விடப் போகிறீர்களா?

இரண்டு வருடமாக அந்த முறைப் பட்டியலை நான் கையால்தான் போடுகிறேன். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. லேப்டாப்பைத் துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை தோறும் துண்டை மட்டும் துவைக்கிறேன்.

இப்படிக்கு,
செல்வி

மாடியறையில் உங்கள் நாற்காலியை நகர்த்தவில்லை. அதைச் சுற்றித்தான் பெருக்குகிறேன்.


புனே
22.11.2025

அன்புச் செல்விக்கு,

தபால்காரர் மாடி ஏறவில்லை. உன் கடிதம் வாட்ச்மேன் மேஜையில் ஐந்து நாள் கிடந்திருக்கிறது. வாங்கிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து படித்தேன்.

அகலை விட்டுவிடலாம் என்றுதான் இருக்கிறேன். இங்கே என் வேலை ஒரு வங்கியின் பழைய புரோகிராம்களைப் பார்த்துக்கொள்வது. நான் பிறப்பதற்கு முன்பு எழுதியவை. அந்த மொழியை விரும்பி எழுதும் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. எல்லோரும் திட்டிக்கொண்டேதான் எழுதுகிறோம். ஆனால் லட்சக்கணக்கான வரிகள் அதில் கிடக்கின்றன, விட்டு வெளியே வர யாருக்கும் தைரியம் இல்லை. முன்னால் வந்து இடம் பிடித்துவிட்டால் போதும், அழகாக இருக்கிறதா என்று அப்புறம் யாரும் கேட்பதில்லை. பெரிய கம்பெனி ஒன்று பின்னால் நின்றால் சுமாரான மொழியும் ஊரெல்லாம் பரவிவிடும். எனக்குப் பின்னால் யார் நின்றார்கள்? நீ காபி டம்ளரோடு நின்றாய்.

என் அறையில் கூட இருக்கும் அப்துல் ரசாக் நம் மதுரை காஜிமார் தெருக்காரர். வெள்ளிக்கிழமை பிரியாணி செய்துவிட்டு, சாப்பிடும்போது அகலைப் பற்றிக் கேட்டார்.

“எத்தனை பேர் மாப்ள அதுல எழுதுனாங்க?”

“காலேஜ்ல பேசினப்ப நூத்தம்பது பேர் இறக்கிப் பாத்தாங்க பாய்.”

“பாத்தவங்கள விடு. எழுதுனவங்க?”

“ஒரு ஆளு.”

“யாரு?”

“எம் பொண்டாட்டி.”

சிரிப்பார் என்று நினைத்தேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப மத்தவன் ஏன் வரலைன்னு அவங்ககிட்டல்ல கேக்கணும்? உள்ள இருந்தவங்களுக்குத்தான தெரியும்” என்றார்.

அதனால் கேட்கிறேன் செல்வி. தமிழில் இருந்ததாலா? நான் சரியாக விளம்பரம் செய்யாததாலா? எனக்காகப் பூசி மெழுகாமல் சொல். பிப்ரவரிக்குள் முடிவு செய்ய வேண்டும்.

உன்,
சிவபாண்டி


சின்னக்கருப்பு துணை

ஆனையூர்
7.12.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கேள்விக்கு என் நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். அகலில் ஏதாவது நின்றுபோனால் தேதி போட்டு, என்ன ஆனது, யார் தவறு என்று எழுதி வைப்பேனே, அந்த நோட்டு.

தமிழில் இருந்ததால் வரவில்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கே.கே. நகரிலிருந்து இசைவாணி டீச்சர் வந்தது ஞாபகம் இருக்கிறதா? நம் வீட்டுக்கே தேடி வந்தார். ஆசையாகத்தான் வந்தார். பிள்ளைகளின் மார்க் எக்ஸெலில் இருக்கிறது, அதை எடுத்து ராங்க் போட முடியுமா என்று கேட்டார். அகலுக்கு எக்ஸெலைப் படிக்கத் தெரியாது. நீங்கள் “அடுத்த மாசம் வந்துரும் டீச்சர்” என்று சொல்லிவிட்டு, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுழற்சியை அகலில் எவ்வளவு அழகாக எழுதலாம் என்று ஒரு மணி நேரம் காட்டினீர்கள். அவர் தலையாட்டிக்கொண்டே மணி பார்த்ததை நான் அடுப்படியிலிருந்து பார்த்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம் சொன்னார்: “அழகாத்தான் இருக்கு செல்வி. ஆனா எனக்குத் திங்கக்கிழமை ராங்க் கார்டு குடுக்கணுமே.” வருகிறவர்கள் எல்லாரும் கையில் ஒரு வேலையோடுதான் வருகிறார்கள் மாமா. அந்த வேலை முடிந்தால்தான் மொழியை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அவர் அடுத்த வாரம் வேறொரு மொழியில் செய்துகொண்டார். அது அகலைவிடக் கஷ்டம் என்று அவரே சொன்னார். ஆனால் எங்கே நின்றாலும் கேள்வியைத் தட்டினால் ஆயிரம் பேர் ஏற்கெனவே அதே இடத்தில் நின்று, பதிலும் எழுதி வைத்திருக்கிறார்களாம். அகலில் நின்றுபோனால் யாரைக் கேட்பது? நான் மாடிப்படியில் நின்று “என்னங்க, இங்க வாங்க” என்று ஒரு சத்தம் கொடுப்பேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வருவீர்கள். எனக்கு அகல் சுலபமாக இருந்தது அதனால்தான். மற்றவர்கள் வீட்டு மாடியில் நீங்கள் இல்லை. இப்போது என் வீட்டு மாடியிலும் இல்லை.

நோட்டுப்படி என் புரோகிராம் முப்பத்தொரு தடவை நின்றிருக்கிறது. பன்னிரண்டு என் தவறு. பத்தொன்பது, நீங்கள் மொழியை மாற்றியதால். இன்னும் அழகாக்குகிறேன் என்று மாற்றிக்கொண்டே இருந்தீர்கள். ஓடிக்கொண்டிருந்ததும் ஓடாமல் போனால் எவர் நம்பி அடுத்த வரி எழுதுவார்?

முப்பத்திரண்டாவதாக ஒன்று இருக்கிறது. அது நிற்கவில்லை, ஓடியது. தேதி 2023 மாசி சிவராத்திரி.

சாவு விழுந்த வீட்டுக்கு ஒரு வருடம் முறை கிடையாது, பிள்ளை பிறந்த வீட்டுக்கு நாற்பது நாள் கிடையாது. அதற்காகத்தான் ‘விலக்கு’ என்ற சொல்லை எனக்காக அகலில் வைத்தீர்கள். அந்தச் சொல் இருந்த வீட்டுப் பெயரைத் தாண்டி முறை அடுத்த வீட்டுக்குப் போகும். அந்த வருடம் உங்கள் சித்தப்பா மொக்கைச்சாமிக்கு விலக்கு போட்டிருந்தேன். அவர் மனைவி சீனியம்மாள் அத்தை இறந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. இருந்தும் பட்டியலில் பெட்டி தூக்க உங்கள் சித்தப்பா பெயரே வந்தது. ஐந்து வருடம் சரியாகச் சொன்ன ஒன்றைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் கோயில் சுவரில் ஒட்டியது என் தவறு. அதை நோட்டிலும் எழுதியிருக்கிறேன்.

“என்னத்தா, சீனியம்மா செத்தது உனக்குமா மறந்துபோச்சு?” என்று அவர் கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது. உங்கள் பங்காளி வீரணன் அண்ணன், “பொம்பளகிட்ட கம்ப்யூட்டரக் குடுத்தா சாமிக்கே தீட்டுதான்” என்றார். பதினான்கு வீடும் பார்த்துக்கொண்டிருந்தது. நீங்கள் மணித்தூணுக்குப் பக்கத்தில் நின்றீர்கள்.

மூன்றாம் நாள் கண்டுபிடித்தேன். அதற்கு முந்தின வாரம் வெளிநாட்டிலிருந்து ஒருவர் உங்களுக்கு எழுதியிருந்தார். விலக்கு என்பது ஒரு வீட்டுக்காகச் செய்தது போலிருக்கிறது, அதை எடுத்தால் மொழி சுத்தமாகும், நாங்கள் பயன்படுத்துவோம் என்று. எடுத்துவிட்டீர்கள். நின்றுபோகிறது நின்றுபோகிறது என்று நான் சதா குறை சொன்னதால், பழைய புரோகிராமில் அந்தச் சொல் வந்தால் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மேலே போகும்படி வைத்தீர்கள். அதுவும் எனக்காகத்தான் செய்தீர்கள், தெரியும். அந்த மனிதர் அகலில் ஒரு வரியாவது எழுதினாரா?

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் சொல்வீர்கள் என்று இருந்தேன். நான்கு மாதத்தில் பூனாவுக்குப் போய்விட்டீர்கள். வராதவர்களுக்காக வந்த ஒரு ஆளைக் கைவிட்டீர்கள் மாமா. ரசாக் அண்ணனிடம் சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள்.

செல்வி


புனே
28.12.2025

செல்வி,

பத்து நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

நீ மூன்றாம் நாள் கண்டுபிடித்தாய். நான் அங்கேயே, சித்தப்பா வாயைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிட்டேன். தூணைப் பிடித்துக்கொண்டேன். ஒரு அடி முன்னால் வந்து “தப்பு எம்மேல, செல்வி மேல இல்ல” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் அகல் தப்பு செய்யும் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். ஆறு வருடம் போய்விடும். அதற்குப் பயந்தேன். உன்னைவிட அது பெரிதாகத் தெரிந்த நேரம் அது. அப்புறம் உன் முகத்தைப் பார்த்துச் சோறு வாங்கிச் சாப்பிட முடியவில்லை. வேலை கிடைத்தது என்று கிளம்பிவிட்டேன். உனக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். தெரிந்துகொண்டே நீ சாப்பிட்டாச்சா என்று கேட்டிருக்கிறாய்.

சித்தப்பாவுக்கு இன்று ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். எல்லா வீட்டுக்கும் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

விலக்கை மறுபடி அகலில் வைத்துவிட்டேன். மின்னஞ்சலில் வந்திருக்கும். இனிமேல் புரியாத சொல் எது வந்தாலும் நின்று சத்தம் போடும். எத்தனை தடவை நின்றாலும் நீ நோட்டில் எழுது, நான் பதில் சொல்கிறேன்.

வருகிற சிவராத்திரிக்குப் பெட்டி முறை நமக்குத்தான் வரும் என்று எனக்கே கணக்கு தெரிகிறது. அன்று, பிப்ரவரி பதினைந்தாம் தேதி, இங்கே வங்கியின் கம்ப்யூட்டர்களை மாற்றும் பெரிய வேலை, லீவு கேட்டேன், இல்லை என்றுவிட்டார்கள். ஊர் முகத்தில் விழிக்கவும் கூச்சமாக இருக்கிறது. விலக்கில் புதுக் காரணம் எப்படிச் சேர்ப்பது என்று இத்துடன் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். ‘வெளியூர்’ என்று ஒன்று சேர்த்துக்கொள். ஒரே வரிதான். என் பெயரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

சிவபாண்டி


சின்னக்கருப்பு துணை

ஆனையூர்
18.1.2026

அன்புள்ள மாமாவுக்கு,

பொங்கலன்று உங்கள் சித்தப்பா வந்தார். சட்டைப் பையில் உங்கள் கடிதம். பதினான்கு வீட்டிலும் படித்துக் காட்டி ஓரம் கிழிந்திருந்தது. “ஏத்தா, மூணு வருசமா வாயத் தெறக்கலையே நீ?” என்றார். “நீங்க கேக்கலையே மாமா” என்றேன். கொஞ்ச நேரம் சீனியம்மாள் அத்தையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பொங்கல் வைத்தேன், இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். வீரணன் அண்ணன் வரவில்லை. கரும்பு கொடுத்துவிட்டிருந்தார். வாங்கிக்கொண்டேன்.

துண்டை எடுத்துவிட்டேன். அகலில் இந்த வருட முறையை ஓடவிட்டு, நான் கையால் போட்ட பட்டியலோடு பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையாகச் சரி பார்த்தேன். ஒரு இடத்தில் ஒத்துவரவில்லை. மருது வீட்டில் பிள்ளை பிறந்து நாற்பது நாள் ஆகவில்லை, நான் மறந்துபோய் விளக்கு போட்டிருக்கிறேன். அகல் சரியாகத் தாண்டியிருக்கிறது. நோட்டில் என் தவறு, அந்தச் சிவராத்திரியையும் சேர்த்து, பதினான்கு ஆகிவிட்டது.

இணையதளத்தை நானே ஒரு வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டேன். அதற்காக நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். பயன்படுத்துகிற ஆள் நான், நான் கட்டினேன். இசைவாணி டீச்சரிடமும் பேசினேன். எக்ஸெல் படிக்க வருமானால் இன்னொரு தடவை பார்ப்பாராம். ஆசை காட்டவில்லை, பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

பெட்டி தூக்க உங்கள் பெயர் வந்தது. திரையில் ‘சிவபாண்டி’ என்று பார்த்ததும் ஏதோ வாசலில் வந்து நின்று கூப்பிட்ட மாதிரி இருந்தது. வெகு நேரம் அப்படியே விட்டு வைத்திருந்தேன்.

பிறகு நீங்கள் அனுப்பிய தனித்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, ‘வெளியூர்’ சேர்க்க உட்கார்ந்தேன். நீங்கள் சொன்னது போல ஒரே வரிதான். எழுத வருகிறது, ஆனால் எழுதவில்லை. விலக்கு சாவுக்கும் பிறப்புக்கும் வைத்தது. லீவு கிடைக்காததற்கும் கூச்சத்துக்கும் வைத்தது இல்லை. பட்டியலை அப்படியே கோயில் சுவரில் ஒட்டிவிட்டேன். இந்தத் தடவை நன்றாகப் பார்த்துத்தான் ஒட்டினேன். பார்த்தவர்கள் எல்லாம் “சிவபாண்டி வாரானா?” என்று கேட்கிறார்கள். பேர் வந்திருக்கு என்று மட்டும் சொல்கிறேன்.

உங்கள் பட்டு வேட்டியை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயப்போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். பிப்ரவரி பதினைந்து ஞாயிற்றுக்கிழமை. பெட்டி எடுக்கும் நேரம் சாயங்காலம் ஆறு மணி. அதுவரை அந்த வரியை எழுத மாட்டேன்.

ஆறு மணிக்கு மேல் எழுதிவிடுவேன். அப்புறம் அடுத்த முறையும், அதற்கடுத்த முறையும் என்னைக் கேட்காமலேயே அது உங்கள் பெயரைத் தாண்டிப் போய்விடும். ஒருமுறை எழுதியதை நான் மாற்றுகிறவள் இல்லை. உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
முத்துச்செல்வி