டாக்டர் வந்த காலை

ஆர்போஸ்ட்,
ஆகஸ்ட் 11

அன்புள்ள பெரில்,

நலமா? இங்கே பசுக்கள் கன்று போடும் காலம். மழை விடவில்லை. நீ அனுப்பிய கம்பளிச் சால்வையை உன் அக்கா கழற்றுவதே இல்லை. ஒரு காரியத்தைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நோரீனின் முடிவு உனக்குப் பிடிக்கவில்லை. டாக்டர் கையால் சாவு கேட்பது பாவம் என்று ஈஸ்டரில் சொன்னாய், அதன்பிறகு அவளோடு பேசவில்லை. அவளுக்குக் கோபம் இல்லை. "அவ பாவத்தப் பாக்கட்டும், என் வலிய நான் பாத்துக்கறேன்" என்று சிரித்தாள். புற்றுநோய் இப்போது முதுகெலும்புவரை வந்துவிட்டது.

போன செவ்வாய் டாக்டர் பாஸ்கோ வந்தார். சாவு கேட்கும் காரியத்தைச் சட்டப்படி போனில் பேசக்கூடாதாம், அதனால் மழையில் மூன்று மணி நேரம் காரோட்டி வந்தார். நோரீன் தெளிந்த புத்தியோடு தன் வாயால் கேட்டால்தான் அவர் கையெழுத்துப் போட முடியும். அதற்காக அன்று காலை வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் வேண்டாம் என்று என்னிடம் முன்பே சொல்லிவைத்திருந்தாள்.

"நான் கத்தினாலும் குடுக்காத, கிழவா. மனசு இளகுச்சுன்னா பால்வாளிய உன் தலையில கவுத்துருவேன்."

கத்தினாள், பெரில். ஈன முடியாத பசுவின் குரல் எனக்குப் பழக்கம்தான், ஆனால் இதைத் தாங்க முடியவில்லை. கொடுத்துவிட்டேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே கொடுத்தேன்.

டாக்டர் நான் போட்ட டீயைக் குடித்துவிட்டு அவள் அறைக்குள் போனபோது அவளுக்கு என் பெயர்கூடச் சரியாக வரவில்லை. செத்துப்போன உங்கள் அம்மாவைத் தேடினாள். டாக்டர் வெகுநேரம் காத்திருந்தார். பிறகு, இந்த நிலையில் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும், அடுத்து இருபத்தாறாம் தேதிதான் வர முடியும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் நோரீனுக்குத் தெளிந்தது. டாக்டர் எங்கே என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். அவள் அழவும் இல்லை, ஏசவும் இல்லை.

"எனக்கு வலிக்குதுன்னு குடுத்தியா, இல்ல என்னை விட மனசில்லாம குடுத்தியா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அது பொய். கார் வரும் சத்தம் கேட்ட பிறகுதான் கொடுத்தேன்.

நீ இருபத்தைந்துக்குள் வந்துவிடு. உனக்கு இதில் சம்மதம் இல்லை என்பது தெரிந்துதான் கூப்பிடுகிறேன். வேண்டாம் என்றால் நீ அவள் முகத்துக்கு நேரே சொல்வாய். நான் அதை மருந்தைக் கொடுத்துத்தான் சொன்னேன். இருபத்தாறாம் தேதி காலை அவள் பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போடு, பைபிள் படி, எது வேண்டுமானாலும் செய். அவள் சொல்ல நினைப்பதை மட்டும் அவளே சொல்லட்டும்.

கட்டாயம் வா, பெரில். நீ வராவிட்டால் அன்றும் மருந்து என் கையில்தான் இருக்கும்.

உன் அக்கா புருஷன்,
கிளைவ்