நலங்கு முகம்

இன்று காலை கடையில் புது பிளீச் கிரீம் டப்பாவைத் திறந்தேன். கண்ணைக் கரிக்கிற அந்த நெடி மூக்கில் ஏறியதும் கை உதறிவிட்டது. நாற்காலியில் இருந்த பெண், "என்னக்கா, காய்ச்சலா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால், இது பிறந்ததிலிருந்தே இவளுக்கு இருக்கிற பயக் காய்ச்சல் என்று சொல்லிச் சிரித்திருப்பாய். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன்னிடம் எதையாவது சொல்லாமல் எனக்கு ஒரு வேலையும் ஓடமாட்டேன் என்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஈப்போவில் அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து மெஷின். நான் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து புந்தோங்கில் பெரியம்மா வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தேன். நீ குனோங் ராபாட்டிலிருந்து பஸ்ஸில் வருவாய். காலையில் காலர் தைப்பது, சாயங்காலம் பள்ளி இறுதிப் பரீட்சையான எஸ்.பி.எம்.மில் தோற்றுப்போன பாடங்களுக்கு டியூஷன், சனி ஞாயிறு ஒரு சீன அம்மாவின் சலூனில் ஒப்பனை வகுப்பு. மூன்றில் ஏதாவது ஒன்றில் தினமும் தூங்கி விழுவேன், பெரும்பாலும் டியூஷனில். மத்தியான ஓய்வில் நீ என் மலாய்ப் பாடத்தைச் சத்தமாக வாசிப்பாய். நான் கேட்டுக்கொண்டே உன் புருவத்தில் நூல் போட்டுப் பழகுவேன். ஒரு தடவை இடது புருவம் பாதி காணாமல் போய்விட்டது. இரண்டு வாரம் மையால் வரைந்துகொண்டு வேலைக்கு வந்தாய், மகராசி, ஒருவரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை.

அப்பாவுக்குத் தொழிற்சாலையும் டியூஷனும்தான் தெரியும், ஒப்பனை வகுப்பு தெரியாது. விடியுமுன் மரம் சீவப் போகிற மனிதர், மகள் டீச்சராகிவிடுவாள் என்று லயத்து வீடுகளில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். ஊரார் தலையையும் முகத்தையும் தொடுகிற வேலைக்குப் போகிறாள் என்று தெரிந்தால்? நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது. அடிப்பார் என்ற பயமில்லை. பேசாமல் இருந்துவிடுவார் என்ற பயம்.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் தோட்டத்துக் கிராணி வீட்டிலிருந்து ஆள் வந்தது. தொழிற்சாலைத் தோழி ஒருத்தியின் கல்யாணத்தில் நான் செய்த அலங்காரத்தைக் கிராணியின் மனைவி பார்த்திருக்கிறார். தன் மகளுக்கும் நான்தான் வேண்டுமாம். செக்ரோலில் ஆள் வருகையும் சம்பளமும் எழுதுகிற கிராணி! அப்பாவுக்கு எந்த மர நிரை, என்ன வேலை என்பதெல்லாம் அவர் வாயில் இருந்தது. முடியவே முடியாது என்றேன். நீ காலர் தைப்பதை நிறுத்தாமலே சொன்னாய்: "எத்தன நாளைக்கு ஒளிஞ்சிருப்ப? நானும் வாரேன், போலாம்."

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் போய் இறங்கினோம். நலங்கு அப்போதுதான் முடிந்திருந்தது. முகம் கழுவி வந்த பெண், உதட்டு மேல் இருக்கிற பூனை முடி போட்டோவில் தெரியும், ஏதாவது செய்யுங்கள் அக்கா என்றாள். வகுப்பில் சீனப் பெண்களின் முகத்தில் எத்தனையோ தடவை செய்த வேலைதானே என்று பிளீச் கிரீமைக் கலந்து உதட்டு மேலும் இரண்டு கன்னத்திலும் பூசினேன்.

ஓரம் சிவக்க ஆரம்பித்தது. சாதாரணச் சிவப்பா அது? ரத்தச் சிவப்பு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கன்னம் முழுக்கப் பரவியது. "கொஞ்சம் எரியுதுக்கா" என்றாள் அந்தப் பெண். முகம் வெந்துவிட்டது, கல்யாணம் நின்றுவிட்டது, அப்பாவைத் தோட்டத்தைவிட்டு அனுப்பிவிட்டார்கள், அம்மா சட்டி பானையோடு ரோட்டில் நிற்கிறாள். ஒரு நிமிடத்துக்குள் இத்தனையும் பார்த்துவிட்டேன். கிராணியின் மனைவி வாசலில் வந்து நின்று, "ஐயோ, எம்புள்ள மொகத்த என்னடி பண்ணின?" என்றார்.

நீதான் அந்த அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாய். தலைவலிக்குத் தைலம் கேட்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகப் பேசினாய்.

"ஒன்னும் இல்லம்மா. ஆலத்தித் தண்ணி பாத்ததில்லையா? மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா செவக்குது இல்ல, அந்த மாதிரிதான் இதுவும். மொகத்துல மஞ்சள் இன்னும் இருக்குலா. கொஞ்சம் புளித்தண்ணி கரைச்சுக் கொண்டாங்க."

பச்சைத் தண்ணீரால் கிரீமை வழித்துக் கழுவினாய். பிறகு புளித்தண்ணீரைத் துணியில் தொட்டு ஒற்றினாய். சிவப்பு மஞ்சளானது. கீழே அவளுடைய முகம் முழுசாக இருந்தது, ஒரு கொப்புளம்கூட இல்லை. நான் கொல்லைப்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

எத்தனை ஆலத்தித் தட்டு நான் கரைத்திருப்பேன்! மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சலூனில் மஞ்சள் பூசிய முகம் ஒன்றுகூட வந்ததில்லை, அதனால் எனக்கு மஞ்சளே மறந்துவிட்டது.

மறுநாள் பந்தலின் கடைசியில் நின்று அப்பா மணப்பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அலங்காரம் நான் செய்தது என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். என்னிடம் வந்து, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். எஸ்.பி.எம். தேறினேன், நாலு வருஷத்தில் கடையும் வைத்தேன். நீ மெஷினிலேயே இருந்தாய்.

கடைசியில் நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒரு நாள் நீயே அந்தக் கல்யாணப் பேச்சை எடுத்தாய்.

"உண்மையச் சொல்லவா? எனக்கு அன்னிக்கு ஒன்னும் தெரியாது. நாங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க, எங்க வீட்டுல ஆலத்தி எடுக்க மாட்டாங்க. உங்க ஆளுங்க கல்யாணத்துல எட்டி நின்னு பாத்ததுதான். மொகம் வெந்துபோச்சுன்னுதான் நெனச்சேன்."

அப்படியென்றால் புளி எதற்குக் கேட்டாய் என்றேன்.

"குத்துவிளக்குல கறை போகுதே, மொகத்துல போகாதான்னு கேட்டுட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். உனக்கு இருமல் வந்துவிட்டது. இருமல் நின்றதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "எனக்குச் சரியாயிடுமா?" என்று கேட்டாய்.

அன்று காலைதான் டாக்டர் உன் அண்ணனிடம் தாழ்வாரத்தில் வைத்து, இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று சொன்னது என் காதில் விழுந்திருந்தது. நான் உன்னைப் பார்த்து, சரியாகிவிடும், அடுத்த மாதம் மெஷினில் உட்கார்ந்துவிடுவாய் என்றேன். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

"என்ன மாதிரியே பேச நல்லாப் பழகிட்ட" என்றாய்.

நீ நம்பவில்லை. ஆனாலும் சாப்பாட்டு வண்டி வரும்வரை என் கையை விடவில்லை. நீயும் பயந்துதான் இருந்தாய், நானும் பயந்துதான் இருந்தேன். சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இப்போதும் கடையில் எந்தப் பெண்ணாவது, சரியாக வருமா அக்கா என்று கேட்டால், வரும் என்று உடனே சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் மணிக்கட்டில் உன் பிடி இருக்கிறது.