பெண்கள் பக்கத்துச் சுவர்

கொடகவெல
18.11.2024

அன்புள்ள கேஷானிக்கு,

நீ நலமாக இருப்பதை, போனில் வந்த உன் பேட்டியில் பார்த்துவிட்டேன். இங்கே அம்மாவும் நானும் சுகம். மழைதான் விடவில்லை. தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே மலைச்சரிவில் மண் வெடித்திருப்பதால் எல்லோரும் கோயில் மண்டபத்தில் தங்கியிருக்கிறோம். உன் போன் நம்பர் மாறிவிட்டது போலிருக்கிறது. அதனால் உன் அலுவலக முகவரிக்கு எழுதுகிறேன்.

ஜெர்மனியில் யூதர்கள் கட்டப்போகும் ஜெப ஆலயத்துக்கு உன் வரைபடத்தைத் தெரிவு செய்தார்கள் என்று கேட்டதும் துள்ளிக் குதித்தேன். பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை வகுப்பில் நாம் சேர்ந்து படித்த விஷயமல்லவா? அம்ஸ்டர்டாம் ஆலயத்தில் தரையெல்லாம் மணல் பரப்பியிருப்பதையும், பிராக் நகரில் தடித்த சுவரின் சின்னத் துவாரங்கள் வழியே, தனியறையில் இருக்கும் பெண்கள் பிரார்த்தனை கேட்பதையும் புத்தகத்தில் பார்த்தோம். கொச்சிக்கு நேரிலேயே போனோம். செருப்பைக் கழற்றிவிட்டு அந்த நீலப் பூ ஓடுகளில் நடந்தோம். மாடியில், பெண்கள் இருக்குமிடத்தை ஒட்டியே வேதம் வாசிக்கும் மேடை இன்னொன்று இருப்பதைக் கண்டதும் நீ என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாய்.

திரும்பும் ரயிலில்தான் எங்கள் லயத்துச் சுவரைப் பற்றிச் சொன்னேன். கூரை வரை எட்டாத சுவர். அடுத்த வீட்டுக் காம்பராவில் யார் அழுதாலும் அம்மாவுக்குக் கேட்கும். இந்தப் பக்கமிருந்தே ஆறுதல் சொல்வாள். பெண்கள் பக்கத்தை அப்படியொரு சுவரால் பிரித்தால் அவர்களுக்கு ஒரு சொல்லும் தவறாதே என்று வரைந்தும் காட்டினேன். "கட்டினா ரெண்டு பேர் பேர்லயுந்தான் கட்டுவோம், தனு" என்றாய்.

அப்பா பக்கவாதத்தில் விழுந்ததும் படிப்பை விட்டு வந்தேன். அவர் போன பிறகும் திரும்ப முடியவில்லை. இப்போது பஸாரில் வீட்டுப் பிளான் வரைகிறேன்.

உன் வரைபடத்தில் பெண்கள் பக்கத்தைப் பிரிப்பது அதே சுவர்தான்; நீ கேட்டிருந்தால் தந்திருப்பேன். ஆனால் பேட்டியில், லயத்தில் பிறந்தவள் என்றாய். நீ ரம்புக்கனையில் உன் அப்பாவின் இரும்புக் கடைக்கு மேலே, மாடி வீட்டில் வளர்ந்தவள். கொழுந்து பறித்த உன் அம்மா அந்தச் சுவரோரம் படுத்தபடியே செத்துப்போனாள் என்று சொன்னபோது உனக்குக் கண் கலங்கியது. பேட்டி எடுத்தவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா என் பக்கத்தில்தான் இருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. "என்னா சொல்லுது புள்ள? ஏன் அழுவுது?" என்று கேட்டாள்.

"ஒங்களப் பத்தித்தாம்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

"பாத்தியா, அம்புட்டு தூரம் போயும் நம்மள மறக்கல" என்று போனில் உன் முகத்தைத் தடவினாள். மறுநாள் உன் பெயருக்கு மாரியம்மனிடம் விளக்குப் போட்டாள். விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வந்தால் அவள் மடியில் தலைவைத்துப் படுப்பாயே கேஷானி, அவளை எப்படி உன்னால் சாகடிக்க முடிந்தது?

கட்டடம் நன்றாக எழும்பட்டும். அங்கே வந்து உட்காரும் பெண்களுக்கு எல்லாம் தெளிவாகக் கேட்கட்டும். என் பெயரைச் சொல் என்று நான் கேட்கவில்லை. அடுத்த முறை யாராவது விசாரித்தால், அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று மட்டும் சொல்லிவிடு.

இப்படிக்கு,
தனுஷிகா