குசினிக் கதவும் அமெரிக்கக் கட்டடக் கலைஞரும்

நவம்பர் 14, வெள்ளி

இன்று பின்னேரம் நூலகத்தில், எங்கள் தமிழ் வாசகர் வட்டத்தில், அமெரிக்காவின் பெரிய கட்டடக் கலைஞர் ஒருவரைப் பற்றிப் பேசினேன். "குசினிச் சுவரை எடுத்தார். சமைக்கும் பெண்ணை வீட்டின் நடுவுக்குக் கொண்டுவந்தார். ஒரு நாடு வாழும் விதமே மாறியது" என்று முடித்தேன். நல்ல கைதட்டல்.

கேள்வி நேரத்தில் முதலில் எழுந்தவள் என் மனைவி சுகந்தி.

"அப்ப எங்கட வீட்டிலை மட்டும் குசினிக் கதவை ஏன் எந்த நேரமும் சாத்தச் சொல்லுறியள்?"

வந்திருந்த எல்லோருக்கும் காரணம் தெரியும். நாங்கள் வாழும் இந்தக் குளிர் ஊரான அம்மருட்டில், தாளிக்கும் முன் குளிர் ஜாக்கெட்டுகளை அறைக்குள் பூட்டாத தமிழ் வீடு இல்லை. மணம் ஏறினால் காலை ரயிலில் பக்கத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

"அது வேறை. இது பண்பாட்டு வரலாறு" என்றேன். சிரிப்புச் சத்தத்தில் நூலகப் பெண்ணே எட்டிப் பார்த்தாள்.

தேநீர் முடிந்து வீட்டுக்கு வந்தால் குசினிக் கதவைக் காணவில்லை. எனக்கு முன்னமே வந்துவிட்ட சுகந்தி அதைக் கழற்றிச் சுவரோடு சாத்தியிருந்தாள். கருவாடு பொரிந்துகொண்டிருந்தது.

"நடுவுக்கு வந்திட்டன்" என்றாள்.

மூன்று துண்டு சாப்பிட்டேன். திங்கட்கிழமை வேலைக்கான நேர்முகத்துக்குப் போட வைத்திருந்த ஜாக்கெட் வாசல் ஹோலிலேயே தொங்கியது. அதைப் பல்கனியில் காற்றாட விட்டிருக்கிறேன்.

படுக்கப் போகும்போது கேட்டாள்: "அது சரி, அந்தப் பெரிய மனுசன்ர வீட்டிலை ஆர் சமைச்சது?"

இத்தனை புத்தகம் வாசித்தேன். ஒன்றிலும் பார்த்த ஞாபகம் இல்லை.