கோப்பி குடிப்பதுதான் மகளுக்கு வேலை

ஹனோவர், நவம்பர், செவ்வாய் இரவு.

பின்னேரம் மதுரா கொசோவோவிலிருந்து போன் எடுத்தாள். சுவிஸில் கலியாணம் செய்து அந்த நாட்டுக்காரியான என் மகள், இப்போது அதன் அமைதிப்படையில் தானாகக் கேட்டுச் சேர்ந்து போயிருக்கிறாள். நடுநிலை நாடுதானே என்று நான் இவ்வளவு காலமும் நிம்மதியாக இருந்தேன்.

"சண்டை ஒண்டும் இல்லையம்மா. ஊருக்குள்ள ஒரு வீடெடுத்து இருக்கிறம். யூனிபோமோட சனத்தின்ர வீடுகளுக்குப் போய்க் கோப்பி குடிச்சு, என்ன பயம், என்ன குறை எண்டு கேக்கிறதுதான் வேலை. நாங்கள் ஒருத்தற்ற பக்கமும் இல்லைத்தானே, எல்லாரும் சிரிச்சுக்கொண்டு கதவு திறக்கினம்."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"ஊரில நாங்களும் சிரிச்சுக்கொண்டுதான் பிள்ளை வீட்டுக்கு வந்த ஆமிக்காரருக்குத் தேத்தண்ணி குடுத்தனாங்கள்," என்றேன்.

அவள் குரல் தணிந்தது.

"அப்ப உங்களிட்ட ஆரும் பயமோ எண்டு கேக்கேல்லையோ?"

"இல்லை."

"நான் இப்ப கேக்கிறன். அங்க தனிய இருக்க உங்களுக்குப் பயமோ அம்மா?"

வேலைக்குப் போகிற வீடுகளில் இந்தக் குரலில்தான் கேட்பாள் போல.

"அடுப்பில கறி கிடக்கு, அடிப்பிடிக்கப் போகுது. வைக்கிறன்," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மதுராவின் அப்பா செத்த பிறகு நான் இரவுச் சாப்பாட்டுக்குச் சமைப்பதே இல்லை. இரண்டு துண்டுப் பாணும் தேத்தண்ணியும்தான்.

அது அவளுக்கும் தெரியும்.